புதுக்கை நாச்சிமுத்து

கீழே வருவதில் ஒரு வரி கூடப் பொய் கிடையாது. கருப்பராயன் கோயில் வாசலில் ஈரத்துணியோடு நின்று, கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யத் தயார். கற்பூரத்தை மட்டும் வாசகர் வாங்கி வர வேண்டும். இதில் ஓரிடத்திலாவது கூட்டிச் சொல்லியிருந்தால் எழுதிய கை விளங்காமல் போகட்டும். கை விளங்காமல் போனால் எப்படியிருக்கும் என்று தெரிந்தேதான் இந்தச் சத்தியம். கதையே அதைப் பற்றியதுதான்.

பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஓடிய ஸ்ரீ வள்ளிநாயகி பஸ்ஸின் கண்டக்டர் துளசிமணிக்கு அந்த வருடம் நாற்பத்து மூன்று வயது. பதினேழு வருடமாக அதே பஸ், அதே டிரைவர். டிரைவர் பெயர் நாச்சிமுத்து.

உலகம் முழுக்க வண்டிகள் தாமாகவே ஓட ஆரம்பித்து முப்பது வருடம் ஆகியிருந்தது. தாராபுரம் ரோட்டுக்கும் ஒரு தானோடி பஸ் வரத்தான் செய்தது. முதல் நாளே குண்டடத்துக்கு முன்னால் செம்மறியாட்டு மந்தை குறுக்கே வந்தது. பஸ் மரியாதையாக நின்றது. மந்தை போய்விட்டது, ஒரே ஒரு ஆடு மட்டும் பஸ்ஸின் நிழல் சுகமாக இருக்கிறதென்று முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. அது எழுந்தால்தான் நகர்வேன் என்று பஸ் மூன்று நாள் நின்றது. மூன்றாம் நாள் ஆடு அங்கேயே குட்டி போட்டது. இந்த ரோட்டுக்கு மனிதன்தான் சரி என்று கலெக்டரே கைப்பட எழுதிக் கொடுத்தார்.

அந்த மனிதன்தான் நாச்சிமுத்து. முப்பத்தொரு வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை. டேஷ்போர்டின் மேல், விளிம்பு வரை டீ ஊற்றிய கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு பஸ்ஸை எடுப்பார். தாராபுரத்தில் இறங்கி அதே டீயைக் குடிப்பார். ஆறியிருக்கும், ஆனால் குறைந்திருக்காது. கருப்பராயன் கோயிலைத் தாண்டும்போது இரண்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். குண்டடம் வளைவில் எதிரே வருவது தெரியாது என்பதால், அதற்கு முன் ஹாரனை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். இவ்வளவுதான் அவருடைய வித்தை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

வினை கண் பரிசோதனை முகாமாக வந்தது. பல்லடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, ‘கைவரம் அறக்கட்டளை’ என்று பேனர் கட்டி, டிரைவர்களுக்கு எல்லாம் இலவசம் என்றார்கள். நாச்சிமுத்துவின் தலையில் கம்பிகள் தொங்கும் குல்லா ஒன்றை மாட்டி நாற்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். பதினோரு பக்க இங்கிலீஷ் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஒரு வாழைப்பழமும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினார்கள்.

மறுநாள் காலை எட்டு இருபது ட்ரிப். ஆட்கள் ஏறி முடிந்ததும் துளசிமணி இரண்டு விசில் அடித்தாள். பஸ் அசையவில்லை. அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனாள்.

“அண்ணா, ரைட் குடுத்தாச்சுங்.”

“கேட்டுச்சு அம்மிணி.”

“கேட்டா எடுங்.”

“எதைய எடுக்கறது?”

நாச்சிமுத்து கியர் கம்பியை, யாரோ மறந்துவிட்டுப் போன குடையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வேர்த்து ஒழுகியது.

“ரோடு தெரியுது அம்மிணி. கருப்பராயன் கோயில் தெரியுது, குண்டடம் திருப்பம் தெரியுது. எல்லாம் தலைக்குள்ள அப்படியே இருக்குது. என்ற கைக்குத்தான் ஒண்ணும் தெரியல. நேத்துப் பொறந்த கையாட்டம் இருக்குது.”

வயசாகிவிட்டது என்றார் டாக்டர். ஐம்பத்தாறு வயதில் ஒரே ராத்திரியில் வயசாகுமா என்று துளசிமணி சண்டை போட்டாள். முதலாளி நல்லவர், பஸ் கழுவுகிற வேலை போட்டுக் கொடுத்தார். தண்ணீர்க் குழாய் நாச்சிமுத்துவின் கையிலிருந்து பாம்பு மாதிரி நழுவி ஓடியது. சோற்றைப் பிசைய வரவில்லை. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. காக்கிச் சட்டையைத் திறந்து போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருடம் அந்த ரோட்டையே கையில் வைத்திருந்த மனிதர், டீ டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துக் குடித்தார்; பாதி மடியில் போனது. துளசிமணி அந்தப் பக்கம் பார்க்காமல் டிக்கெட் கிழிக்கப் பழகிக்கொண்டாள்.

எட்டு மாதம் போனது. மே மாதத்தில் ஒரு நாள் தாராபுரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை டிவியில் அமெரிக்காவின் அந்தப் பெரிய கார் பந்தயத்தைப் பற்றிக் காட்டினார்கள். ஐந்நூறு மைல், இருநூறு சுற்று, எப்போதும் இடப்பக்கமே திரும்ப வேண்டும். அந்த நாட்டில் யாரும் வண்டி ஓட்டி ஒரு தலைமுறை ஆகிவிட்டது; ஆனாலும் வருடத்துக்கு ஒரு நாள், இந்த ஒரு பந்தயத்தை மட்டும் மனிதக் கையால்தான் ஓட்ட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். வீட்டுக் காரையே ஓட்டியறியாதவர்கள் பந்தயக் காருக்கு எங்கே போவார்கள்? அதனால் வருடா வருடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல்முறை ஓட்டுகிறவர்கள். தமிழ் வர்ணனையில் அவர்களுக்குப் ‘புதுக்கை’ என்று பெயர். புதுக்கைகளில் சிறந்தவருக்குத் தனிப் பரிசு, தனிப் புகழ்.

“இதோ வெஸ்லி க்ரோன்! இருபத்திரண்டே வயது! பந்தய வரலாற்றின் தலைசிறந்த புதுக்கை!” என்று டிவி கத்தியது. பயிற்சி ஓட்டத்தைக் காட்டினார்கள். “மூன்றாவது வளைவுக்கு முன்னால் ஸ்டியரிங்கின் நடுவில் இரண்டு தட்டுத் தட்டுகிறார், பாருங்கள். இது எதற்கென்று விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். அங்கே ஒரு பொத்தானும் இல்லை! அப்புறம் அந்தக் கோபுரத்தைத் தாண்டும்போது இரண்டு விரலைக் கண்ணருகே கொண்டு போகிறார். என்ன ஒரு ஸ்டைல்!”

துளசிமணியின் டம்ளர் கீழே விழுந்து உடைந்தது.

“என்னாச்சுங்க்கா?” என்றார் டீ மாஸ்டர்.

“அது எங்க டிரைவரண்ணன்.”

“வெள்ளக்காரனாட்டம் இருக்குதுங்.”

“மொகம் எவனுதோ. கை அண்ணனுது. அது குண்டடத்துக்கு அடிக்கற ஹாரன்யா!”

நாச்சிமுத்துவின் மைத்துனர் ஈஸ்வரமூர்த்தி காங்கயத்துக்காரர், மாட்டு டாக்டர். பந்தயம் நடக்கிற ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பால் பண்ணையில் வேலை. அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவர் பால் குடிப்பார். நெடுநாள் பழக்கம் அது. அந்தப் பாலைக் கொடுக்கும் மாடுகளுக்குத்தான் நம்மவர் வைத்தியம். துளசிமணி போனில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியமுங்க அது,” என்றார் அவர். “இந்த ஊர்ல ஓட்டற கையே இல்ல. அதனால ஓட்டற கை எங்க இருக்குதோ அங்க போயி எடுத்துட்டு வந்து இந்தப் பசங்களுக்கு வெக்கறாங்க. கைன்னா வெறுங் கை இல்லீங். பழக்கம். காலு, கழுத்து, கண்ணு எல்லாஞ் சேர்ந்தது.”

“செரி, காப்பி எடுத்துக்கட்டும். அண்ணனுது ஏன் போச்சு?”

“காப்பி எடுக்க முடியாதுங் அம்மிணி. நாத்து பிடுங்கி நடறதாட்டம். அங்க நட்டா இங்க இருக்காது.”

துளசிமணிக்கு வந்த கோபத்தில் போன் சுட்டது. “திருப்பி நடலாமா?”

“ஒரே நாத்தா இருக்கற வரைக்கும் நடலாம். பந்தயம் ஞாயித்துக்கெழம. ஜெயிச்ச கைக்குக் கிராக்கி அதிகம். செவ்வாக்கெழம அதை நாலாப் பிரிச்சு நாலு பேருக்கு வெக்கப் போறாங்களாம். பிரிச்சாப் போச்சு. அப்பறம் மச்சானுக்கு இந்த ஜென்மத்துல பொத்தான் போட வராது.”

வியாழக்கிழமை நாச்சிமுத்துவும் துளசிமணியும் விமானத்தில் இருந்தார்கள். எப்படிப் போனார்கள் என்று கேட்டுக் குடையாதீர்கள். காங்கயம் காளைகள் இரண்டுக்குத் துணையாக, மாட்டு டாக்டர் ஏற்பாட்டில் போனார்கள். விமானம் ஏறிக் குலுங்கியபோதெல்லாம் நாச்சிமுத்து, “கிளட்ச்சு மிதிக்காம மாத்தறான் பாரு,” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பந்தயக் குழுவின் அலுவலகம். ஆல்டர்மன் என்ற அம்மாள்தான் விதிகளுக்கு அதிகாரி. வெள்ளைத் தலை, வெள்ளைச் சட்டை, மேஜை மேல் தடித்த விதிப் புத்தகம். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஈஸ்வரமூர்த்தி இருபக்கமும் மொழிபெயர்த்தார்.

“பந்தயத்தில் பழகிய கையைப் புதுக்கையாகக் காட்டினால் குற்றம்தான்,” என்றார் அம்மாள். “உங்கள் நாச்சிமுத்து எந்தப் பந்தயத்தில் ஓட்டியிருக்கிறார்?”

“தெனமும்,” என்றாள் துளசிமணி. “எங்களுக்கு மூணு நிமிசம் முன்னால எடுக்கற பாலமுருகன் பஸ்ஸோட.”

“பதிவு செய்யப்பட்ட பந்தயமா?”

“பாலமுருகன் டிரைவரைக் கேட்டுப் பாருங், பதிவாயிருக்குதா இல்லியான்னு.”

ஈஸ்வரமூர்த்தி அதை, இல்லை என்று சுருக்கமாக மொழிபெயர்த்தார்.

“அப்படியானால் அதுவும் புதுக்கைதான். விதி மீறல் இல்லை.” அம்மாள் ஒரு கோப்பைத் திறந்தார். நாச்சிமுத்து கையெழுத்துப் போட்ட பதினோரு பக்கம். “கைவரம் நிறுவனத்தின் காகிதமும் அதைத்தான் சொல்கிறது: கை அசைவுகள், ஒரு தொகுதி, பயிற்சியற்றவை.”

ஈஸ்வரமூர்த்தி இதை மொழிபெயர்க்கத் தயங்கினார். துளசிமணி விடவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

துளசிமணி எழுந்துவிட்டாள்.

“பயிற்சியில்லாததா? ஏனுங்கம்மா, அறுபது பேரு ஏற வேண்டிய வண்டில நூத்திப்பத்து பேரை ஏத்திக்கிட்டு, அதுல நெறமாசக்காரி ஒருத்தி, முட்டைக் கூடக்காரி ஒருத்தி, படில ஒத்தக்கால்ல தொங்கற காலேஜ் பசங்க பத்துப் பேரு, இத்தன பேரையும் ஒரு முட்டை ஒடையாம, ஒரு பனிக்குடம் ஒடையாமக் கொண்டு போய்ச் சேர்த்த கை பயிற்சியில்லாததா? உங்க ரோட்டுல ஆடு வருதா? கரும்பு லாரி ரிவர்ஸ்ல வருதா? கல்யாண ஊர்கோலம் வருதா? எல்லாரும் ஒரே பக்கமாப் போற ரோட்டுல ஒரே பக்கமாத் திரும்பறவனுக்கு மாலை மரியாதை. அத்தனையும் எதுத்து வர்ற ரோட்டுல முப்பத்தொரு வருசம் ஓட்டினவரு பயிற்சியில்லாதவரு! திருடறதுதான் திருடறீங்க, நல்ல பொருள்னு சொல்லியாவது திருடக் கூடாதா?”

ஈஸ்வரமூர்த்தி இந்த முறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். பனிக்குடத்துக்கு மட்டும் கையால் காட்டினார்.

ஆல்டர்மன் அம்மாள் கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். நாச்சிமுத்து தண்ணீர்க் குவளையை எடுக்க முயன்று, மேஜை மேல் கொட்டி, சட்டை நுனியால் துடைக்க முயன்று, அதுவும் வராமல் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டி, யாருக்கோ வாசிப்பது போல வாசித்தார்.

“நாற்பதாம் விதி. பந்தயத்தின் நடுவே இயந்திரக் கோளாறு எதுவுமின்றி ஒரு கார் நின்றுவிட்டால், குழுவின் மருத்துவர் அந்த ஓட்டுநரின் நரம்பைச் சோதிக்க வேண்டும். கை இன்னொருவருடையதாக இருந்து, அந்த இன்னொருவர் அங்கேயே நின்று கேட்டால், அங்கேயே திருப்பி நட வேண்டும்.” புத்தகத்தை மூடினார். “ஆனால் காரணமில்லாமல் எந்தக் காரும் இதுவரை நின்றதில்லை. வேறு எதுவும் என்னால் செய்ய முடியாது.”

வெளியே வந்ததும் நாச்சிமுத்து, “வாங்க போலாம். அந்தப் பையன் எதுக்கு நிறுத்தப் போறான்?” என்றார். துளசிமணி கழுத்தில் தொங்கிய விசிலை உருட்டிக்கொண்டே நடந்தாள். பழக்க தோஷத்தில் அதை அமெரிக்கா வரை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

சனிக்கிழமை புதுக்கைகள் எல்லோரும் பால் பண்ணைக்கு வந்தார்கள். பந்தயத்துக்கு முன் புதுக்கை ஒவ்வொன்றும் ஒரு மாட்டைக் கறக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சம்பிரதாயம். நான்கைந்து பையன்களும் பெண்களும் மாட்டுக்குப் பயந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். வெஸ்லி க்ரோன் மட்டும் குந்தி உட்கார்ந்து, மடியில் தண்ணீர் தெளித்துக் கழுவி, கட்டைவிரலை மடக்கிப் பிடித்துச் சர் சர்ரென்று கறக்க ஆரம்பித்தான். நுரை பொங்கியது.

நாச்சிமுத்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி, “எங்கம்மா சொல்லிக் குடுத்த பிடி அது,” என்றார். “அதையும் எடுத்துட்டாங்களா, அம்மிணி?”

துளசிமணி விசிலை வாயில் வைத்து ஒரே ஒரு முறை, குட்டையாக அடித்தாள்.

வெஸ்லியின் வலது கால் அவனைக் கேட்காமல் முன்னால் பாய்ந்து மிதித்தது. பால் வாளி பறந்து போய்க் கேமராக்காரர் மேல் கவிழ்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்காமல், ஒல்லியான கழுத்தைத் திருப்பி, சத்தம் வந்த திசையைத் தேடினான்.

கூட்டம் வேறு மாட்டுக்குப் போனதும் வேலியோரம் வந்தான். ஈஸ்வரமூர்த்தி நடுவே நின்றார்.

“அந்தச் சத்தம் எனக்குக் கனவில் வருகிறது,” என்றான். “வெயிலடிக்கிற ஒரு ரோடு. இரண்டு பக்கமும் புளியமரம். பின்னாலிருந்து ஒரு பெண் ஊதுவாள். அது என்ன?”

“ஒண்ணு அடிச்சா நிக்கணும். ரெண்டு அடிச்சாப் போகணும்,” என்றாள் துளசிமணி.

“யார்?”

“உன்ற கைல இருக்கறவரு.”

அவன் நாச்சிமுத்துவைப் பார்த்தான். திறந்து கிடந்த காக்கிச் சட்டையைப் பார்த்தான். அவன் முகம் சிவந்தது.

“செத்துப் போன ஒருவர் மனமுவந்து கொடுத்தது என்று சொன்னார்கள்.”

“செத்தவரு இங்கதான் நிக்கறாரு. நல்லாப் பாத்துக்க.”

“நானாக நிறுத்த முடியாது,” என்றான் அவன், யாரும் கேட்காமலே. “நானும் பதினோரு பக்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேண்டுமென்று நிறுத்தினால் சாகும் வரை அவர்கள் சொல்கிற கையை எல்லாம் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும்.”

“நல்லா இருக்குதுய்யா நாயம்!” என்று துளசிமணி கத்தினாள். “குடுத்தவனுக்கும் பதினோரு பக்கம், வாங்கினவனுக்கும் பதினோரு பக்கம். எழுதினவன் எவன்? அவன் ஒரு பக்கத்துலயாவது கையெழுத்துப் போட்டிருக்கறானா?”

பையன் என்ன செய்வதென்று தெரியாமல் நாச்சிமுத்துவை நோக்கிக் கையை நீட்டினான்.

நாச்சிமுத்து அதையே பார்த்தார். “என்ற கையையே நான் எப்படிக் கண்ணு புடிக்கறது?” என்றார்.

நீட்டிய கையை அவன் இழுத்துக்கொள்ளவில்லை. மெல்ல அந்தக் காக்கிச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுவிட்டான். கீழேயிருந்து மேலாக, கழுத்துப் பொத்தானை மட்டும் விட்டு. நாச்சிமுத்து போடுகிற அதே வரிசையில். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று லட்சம் பேர் கூடியிருந்தார்கள். ஜெயித்தவருக்குப் பால் கொண்டு போகிற வண்டி, நான்காவது வளைவு முடியும் இடத்தில், ஓடுபாதையின் இடப்பக்கத்துச் சுவரை ஒட்டி நிற்கும். மாட்டு டாக்டர் தயவில் அந்த வண்டியின் மேலேறித் துளசிமணி நின்றாள். கீழே சுவரோரம் நாச்சிமுத்து, அதே சட்டையுடன். முந்தின நாள் போட்ட பொத்தானை அவர் அவிழ்க்கவில்லை, அவிழ்க்கவும் தெரியாது.

வெஸ்லி க்ரோன் ஓட்டிய விதத்தைப் பற்றி அந்த ஊரில் இன்றும் பேசுகிறார்கள். அறுபதாவது சுற்றில் முன்னால் இரண்டு கார்கள் மோதிச் சுழன்றபோது, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற இடம்தான் இருந்தது. அதற்குள் புகுந்து வெளியே வந்தான். “நம்ப முடியாத புதுக்கை!” என்று ஒலிபெருக்கி அலறியது. நூற்று இருபதாவது சுற்றில் முன்னால் போனவர் வழி விடாமல் அடைத்தபோது, அவருடைய பின்சக்கரத்துக்கு அரை முழம் விட்டு ஒட்டிக்கொண்டே போய், அவர் பயந்து ஒதுங்கியதும் கடந்தான். பாலமுருகன் பஸ் டிரைவர் பார்த்திருந்தால் பழைய ஞாபகத்தில் கெட்ட வார்த்தை பேசியிருப்பார். சுற்றுக்கு ஒரு தரம் கருப்பராயனுக்கு இரண்டு விரல். சுற்றுக்கு ஒரு தரம் குண்டடத்துக்கு இரண்டு தட்டு.

“புதுக்கையாம், புதுக்கை,” என்று துளசிமணி பல்லைக் கடித்தாள். மூன்று லட்சம் பேரும் எழுந்து கைதட்டியபோது, அந்தக் கைதட்டலுக்கு உரியவர் சுவரோரம் நின்று தன்னால் கை தட்டவும் முடியாமல் இருந்தார்.

நூற்றுத் தொண்ணூற்றொன்பது சுற்று முடிந்தது. வெஸ்லிதான் முதல். கடைசிச் சுற்று. நான்காவது வளைவில் அவனுடைய சிவப்புக் கார் தலையைக் காட்டியது. அதைத் தாண்டினால் கோடு. கோட்டைத் தாண்டினால் செவ்வாய்க்கிழமை.

துளசிமணி விசிலை வாயில் வைத்தாள். பதினேழு வருடத்தில் அவள் அடித்த எல்லா விசிலையும் ஒன்றாகச் சேர்த்து, நிறைந்த பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து முன்னால் கேட்க வைக்கிற மூச்சையெல்லாம் கூட்டி, ஒரே ஒரு விசில். பால் வண்டியிலிருந்த கண்ணாடிச் சீசாக்கள் வரிசையாக விரிசல் விட்டன. நான்கு மைல் தள்ளிப் பண்ணையில் மாடுகள் தலையைத் தூக்கின என்று ஈஸ்வரமூர்த்தி பிறகு சொன்னார்.

சிவப்புக் கார் இடப்பக்கம் ஒதுங்கியது.

சத்தமாகக் கிறீச்சிடவில்லை, புழுதி கிளப்பவில்லை. கடைசி இருபதடியில் ஒரு டம்ளர் டீயை வைத்திருந்தாலும் தளும்பியிருக்காது. படிக்கட்டு இருந்தால் எங்கே இருக்குமோ அந்த இடம், சுவரோரம் நின்ற நாச்சிமுத்துவுக்கு நேராக வரும்படி, மெத்தென்று வந்து நின்றது. மற்ற கார்கள் ஒவ்வொன்றாக அதைத் தாண்டிப் போய்க் கோட்டைக் கடந்தன. மூன்று லட்சம் பேரும் வாய் பிளந்து நின்றார்கள்.

வெஸ்லியின் முதலாளி அவன் காதுக்குள்ளேயே கத்துகிற கருவியில், போ, போ என்று கத்திக்கொண்டிருந்தார். கார் உறுமிக்கொண்டே நின்றது. கொடி பிடித்த ஒரு அதிகாரி ஓடி வந்து பால் வண்டியின் மேல் நின்றவளைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“அம்மணி, இறங்கு! வண்டி போக வேண்டும்!”

“எறங்க வேண்டியவரு இன்னும் எறங்கல,” என்றாள் துளசிமணி தமிழிலேயே. “ஆளு எறங்காம ரைட் குடுக்கற பழக்கம் எங்க லைன்ல கெடையாது.”

ஆல்டர்மன் அம்மாள் விதிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மருத்துவரோடு தயாராக வந்துகொண்டிருந்தார். காரைச் சோதித்தார்கள், ஒரு கோளாறும் இல்லை. நாற்பதாம் விதியை உரக்கப் படித்தார்கள். பையனைச் சோதித்தார்கள். கை யாருடையது என்று கேட்டார்கள். நாச்சிமுத்து ஒரு அடி முன்னால் வந்து, “என்ற கைதான்,” என்றார்.

மருத்துவரின் கூடாரத்துக்குள் நாற்பது நிமிடம். இந்த முறை வாழைப்பழம் யாரும் கொடுக்கவில்லை. வெளியே வந்த நாச்சிமுத்து முதல் வேலையாகக் கழுத்துப் பொத்தானைப் போட்டார், அவிழ்த்தார், போட்டார். வானத்தைப் பார்த்து இரண்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு துளசிமணியின் தலையில் அந்தக் கையை வைத்தார். அவள் அப்போதுதான் அழுதாள். அதுவும் கோபத்தில்தான் அழுதாள்.

பத்திரிகைக்காரர்கள் வெஸ்லியைச் சூழ்ந்துகொண்டார்கள். “ஒரு விசில் அடித்தது. என் கால் தானாக மிதித்தது. நான் என்ன செய்வேன்?” என்று அவன் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கையின் குறைக்குப் பையன் பொறுப்பில்லை என்று அந்தப் பதினோரு பக்கத்தில் ஒரு வரி இருந்ததாம். நிறுவனத்தால் அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. குழு மற்ற ஓட்டுநர்களையும் சோதித்தது. மணிலா ஜீப்பு டிரைவர் கை ஒன்று, லாகோஸ் வேன் டிரைவர் கை இரண்டு, தஞ்சாவூர் மினி பஸ் கை ஒன்று என்று வரிசையாக வெளியே வந்தன. எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்தன. வெஸ்லி இப்போது பால் பண்ணையில் இருக்கிறான். மாடு கறக்க முதலிலிருந்து கற்றுக்கொள்கிறான். சரியாக வரவில்லை, மாடு உதைக்கிறது, ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறான் என்று ஈஸ்வரமூர்த்தி எழுதியிருந்தார்.

நான்கு மாதம் கழித்துப் பல்லடத்துக்கு ஒரு கெட்டி உறை வந்தது. உள்ளே தங்க எழுத்தில் ஒரு சான்றிதழ். ‘நூற்றுத் தொண்ணூற்றொன்பது முழுச் சுற்றுகள். ஓட்டியவர்: நாச்சிமுத்து, பல்லடம். அவ்வருடத்தின் தலைசிறந்த புதுக்கை.’

நாச்சிமுத்து படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் முறையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி ஹாரன் அலறியது.

“முப்பத்தொரு வருசம்! முப்பத்தொரு வருசம் ஓட்டினவன் புதுக்கையா? அந்தம்மாவுக்கு எத்தன சொன்னாலும் ஏறாதா?”

துளசிமணி அந்தச் சான்றிதழை, ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே ஒட்டினாள். ‘புதுக்கை’ என்ற சொல்லின் மேல் மட்டும் ஒரு கிழிந்த டிக்கெட்டை வைத்து மறைத்தாள். பிறகு இரண்டு விசில் அடித்தாள். பஸ் கிளம்பியது.

அந்தப் பந்தயக் கார்களில் ஏறுகிறவர்களின் காதுத் துளைக்கு அச்சு எடுத்து வார்த்த அடைப்பானை உள்ளே வைத்து, அதன் மேல் தலைக்கவசத்தை மாட்டி இறுக்குவார்கள்; அன்று வெஸ்லிக்கும் அப்படித்தான். முதலாளியின் குரலைத் தவிர, வெளியிலிருந்து எந்த விசிலும் உள்ளே கேட்காது.